காப்பியைக் கடந்த எறும்பு

"இத்தாலியிலே காப்பிக்கு மேலே எறும்பு நடக்கும் மக்கா. இக்கரையிலே ஏறி அக்கரையிலே இறங்கிப் போவும். ஒரு காலு நனையாது."

ஞானசிகாமணி இதைச் சொன்னபோது தாசையனின் சாயாக்கடையில் இரண்டு பெஞ்சுகளும் நிறைந்திருந்தன. இரண்டு பெஞ்சும் ஒரே நேரத்தில் சிரித்தன. அது லேசுப்பட்ட காரியமல்ல. மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கும்போது எல்லை எங்கே விழும் என்று பாறசாலை முழுக்க அடித்துக்கொண்டிருந்த காலம் அது. சுவரோரத்துப் பெஞ்சு சென்னையோடு சேரவேண்டும் என்பவர்களுக்கு. அதன் தலைமாட்டில் ராஜையா. ரோட்டோரத்துப் பெஞ்சு திருவனந்தபுரத்தை விட்டு அசையக்கூடாது என்பவர்களுக்கு. அதன் தலைமாட்டில் வேலாயுதன். ஒரு பெஞ்சு மழை வரும் என்றால் மற்றப் பெஞ்சு வீட்டுக்கு ஓடிப்போய்த் துணியை வெயிலில் காயப்போடும். அப்படிப்பட்ட பெஞ்சுகளை ஒரே விஷயத்தில் ஒன்றாக்கிய பெருமை, எல்லைக் கமிஷன்காரர்களுக்குக்கூடக் கிடைக்காதது, ஞானசிகாமணிக்குத்தான் கிடைத்தது.

தாசையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எந்தப் பெஞ்சும் இல்லை. பாய்லருக்குப் பின்னால் நின்று இரண்டு பெஞ்சையும் சம அளவில் நம்பாமல் இருப்பதே அவர் கட்சி. விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் வெளியே வந்து கிழக்கே பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்.

"எலே ஞானசிகாமணி," என்றார் அவர், தம்ளரைக் கழுவியபடியே. "எறும்பு கெடக்கட்டு. நீ இத்தாலிக்குப் போனதே எனக்குச் சம்சயமாக்கும். யுத்தம் முடியுத வரை பூனாவிலே இருந்து உருளைக்கிழங்கு தொலிச்சிட்டு வந்திருப்பே."

"அப்பம் எனக்கெ கெண்டி எங்கேருந்து வந்துது?"

"அது பம்பாய்ச் சந்தையிலேயும் கிட்டும்."

கெண்டி என்றது ஞானசிகாமணி யுத்தத்திலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பாத்திரத்தை. எட்டுமூலையும் இரண்டு மாடியும் உள்ளது. கீழ்மாடியில் தண்ணீர், நடுவில் காப்பிப்பொடி. அடுப்பில் வைத்தால் வெள்ளம் பொடியைத் துளைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறிக் காப்பியாக நிற்கும். அப்படித்தான் நிற்கவேண்டும். இத்தனை வருடங்களில் அதிலிருந்து மேலே வந்ததெல்லாம் குளம் கலங்கிய நிறத்தில் ஒரு கஷாயம்தான்.

"ஓணத்துக்கு முன்னே எறும்பை நடத்திக் காட்டு," என்றார் தாசையன். "எனக்கெ கண்ணு முன்னாலே. காட்டினா நீ இத்தாலிக்குப் போனவன்னு நானே பறைவேன். இல்லேங்கி இந்தக் கடையிலே இத்தாலிங்குத பேரை எடுக்கப்படாது. சாவுற வரை எடுக்கப்படாது."

"சம்மதம்," என்றார் ஞானசிகாமணி.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கணக்குப் பார்த்தார். இத்தாலி உண்மை. பட்டாள லாரி ஓட்டியது உண்மை. மலையோரத்து ஊரில் ஒரு கிழவர் அடுப்படியில் இருத்தி, முட்டைத்தோடு அளவு கோப்பையில் காப்பி ஊற்றிக் கொடுத்ததும், அதன் மேலே தேன் நிறத்தில் நுரை படுத்துக்கிடந்ததும் சத்தியம். ஒரு டின் இறைச்சியும் ஒரு கம்பளியும் கொடுத்து அந்தக் கிழவரிடம்தான் கெண்டியை வாங்கினார். ஆனால் எறும்பு? அங்கே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. இத்தாலி நாடு முழுக்க அவர் ஓர் எறும்பைக் கண்டதில்லை. அது பேச்சுவாக்கில் தானாக நாக்கில் ஏறி, தானாக இறங்கிப் போய்விட்டது.

இப்போது அந்த எறும்பு நடக்கவேண்டும். நடக்காவிட்டால் இத்தாலி போய்விடும். இத்தாலி போனால் மிச்சம் என்ன? கொஞ்சம் மரச்சீனிக்கிழங்கு, நாலு மூடு வாழை, ஒரு நல்லமிளகுக் கொடி. அதெல்லாம் ஊரில் எல்லாரிடமும் உண்டு. இத்தாலி அவர் ஒருவரிடம்தான் உண்டு.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். காப்பிக்கொட்டையை வறுத்து உரலில் இட்டு இடித்தார். கெண்டியில் போட்டு அடுப்பில் வைத்தார். மேல்மாடிக்கு வந்த வஸ்துவை அவர் மனைவி ஆனந்தபாய் ஒரு வாய் குடித்துவிட்டு, பல்லில் ஒட்டிய பொடியைத் துப்பினாள்.

"இதிலே சுக்கும் கருப்பட்டியும் போட்டா தொண்டையிலே எறங்கும். இல்லேங்கி தென்னைக்கு ஊத்தலாம்."

"எடியே, இத்தாலிக் காப்பியிலே சுக்கு கெடயாது."

"அதுதான் அவியளுக்கு யுத்தம் தோத்துப்போச்சு."

ஞானசிகாமணி கெண்டியின் நடுப்பாகத்திலிருந்து ஈரச் சக்கையை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். அன்றுவரை யாரும் காப்பிச் சக்கையை அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரே பிடிக்குள் பாறையும் கிடந்தது, புழுதியும் கிடந்தது. உலக்கை பட்ட கொட்டை மாவாகிவிட்டது; விலகிப்போன கொட்டை பருப்பு மாதிரி இரண்டாக உடைந்து சும்மா கிடந்தது. புழுதி கசப்பை எல்லாம் இறக்கிவிடுகிறது. பாறை ஒன்றும் தராமல் வெள்ளத்துக்கு வழிவிட்டு நிற்கிறது.

"எல்லாரும் ஒரே அளவிலே நிக்கணும்," என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். "பட்டாளத்திலே போல."

அம்மியில் அரைத்தார். அரிப்புச் சல்லடையில் அரித்தார். ஒன்றும் சரிவரவில்லை. கிழவர் அன்று முழங்காலுக்கு நடுவில் ஒரு மரப்பெட்டியை இடுக்கி, மேலே இருந்த கைப்பிடியைக் கறகறவென்று சுற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதுதான் சூத்திரம். ஆனால் பாறசாலையில் அதற்கு எங்கே போவது?

ஆண்டவர் அதை அறுப்பின் பண்டிகையில் கொண்டுவந்து வைத்தார்.

அறுப்பின் பண்டிகை என்றால் வீட்டில் விளைந்ததிலோ இருப்பதிலோ ஒன்றை வேதக்கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அந்த ஏலத்துக்கு ஒரு தனி ருசி உண்டு. ஒருவன் முகத்தில் ஆசை தெரிந்துவிட்டால் போதும், வேண்டாதவனெல்லாம் கேட்டு ஏற்றிவிடுவான். பூசணிக்காய் தென்னைமர உயரத்துக்கு ஏறிவிடும். அதனால் பாறசாலைக்காரன் தனக்கு வேண்டியதை ஏலத்தில் பார்க்கவே மாட்டான், வானத்தைப் பார்ப்பான்.

விமலகுமாரி டீச்சர் அந்த வருடம் காணிக்கையாக வைத்தது ஒரு மரப்பெட்டி. பழைய மிஷன் பங்களாவை வெள்ளைக்காரர்கள் காலி செய்தபோது அவர் அப்பா வாங்கிப்போட்டது. மேலே இரும்புக் கைப்பிடி, கீழே ஒரு இழுப்பறை. ஏலம் போட்டவர் கைப்பிடியைச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"பாட்டுப் பெட்டியாக்கும்ணு தோணுது. பாட்டுதான் வரல்ல."

ஞானசிகாமணி அந்தக் கணமே வானத்தைப் பார்த்தார். கழுத்து ஒடியும் அளவுக்குப் பார்த்தார். அதுதான் தப்பாகிவிட்டது.

"லேய், இவன் ஏன் இப்பிடி மேலே பாக்கான்?" என்றார் ராஜையா. உடனே பெட்டியைக் கேட்டார். ராஜையா கேட்டால் வேலாயுதன் சும்மா இருப்பாரா? அவர் கோயில்காரர் இல்லை. ஏலத்தின் கூத்தைப் பார்க்க வருடம் தவறாமல் வருகிறவர். அவர் மேலே கேட்டார். ராஜையா அதற்கும் மேலே. பெட்டி எதற்கு என்றே தெரியாமல் இரண்டு பெஞ்சும் எல்லைப் போராட்டத்தைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தாலுகாவையே எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஞானசிகாமணிக்குக் கண்ணில் வெள்ளம் முட்டியது.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தாசையன் கத்தினார்: "காப்பிக்கொட்டை பொடிக்குத யந்திரமாக்கும் அது! கொச்சியிலே நான் கண்டிட்டுண்டு. இவனுக்கு விட்டுக்குடுங்க ஓய். நாளைக்கு எறும்பு நடக்கல்லேங்கி, யந்திரம் கிட்டாம போச்சுன்னு சாக்கு பறைவான்."

இரண்டு பெஞ்சும் அந்த நிமிடமே வாயை மூடின. எறும்பைப் பார்க்கிற ஆசை இரண்டுக்கும் உண்டு. ஞானசிகாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அதற்கு விலையாகக் கோயிலுக்கு ஒரு வாழைக்குலையும் ஒரு சேவலும் நேர்ந்து, யாரும் மனம் மாறுவதற்குள் வீட்டுக்கு ஓடினார்.

டீச்சர் இத்தனை காலம் அந்தப் பெட்டியில் பொடித்தது நல்லமிளகு என்பதை யாரும் ஞானசிகாமணியிடம் சொல்லவில்லை.

முதல் காப்பி அடுப்பில் ஏறியதும் ஞானசிகாமணி தும்மினார். பக்கத்து வீடு தும்மியது. மேலரோட்டில் நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் டிரைவர் தும்மியதில் வண்டி குன்னத்துகால் பக்கம் திரும்பிவிட்டது என்றும், அதிலிருந்தவர்கள் அங்கேயே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தார்கள் என்றும் கேள்வி. ஆனந்தபாய் மட்டும் கோப்பையை முழுக்கக் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பந்தான் காப்பி மாதிரி இருக்கு."

"இது காப்பி இல்லே, மிளகுத் தண்ணி!"

"அப்பம் பெட்டியைக் கழுவணும்."

"இரும்பிலே வெள்ளம் பட்டா துரு ஏறும்."

ஆனந்தபாய் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பிடி பச்சரிசியைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுச் சுற்றினாள். மிளகு வாசம் முழுவதையும் வாரிக்கொண்டு மாவு இழுப்பறையில் விழுந்தது. அதை முறத்தில் தட்டப்போனவள் கையை நிறுத்தினாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். அரிப்பில் போட்டாள். அரிப்பில் ஒரு மணி மிஞ்சவில்லை.

"இன்னா பாருங்க. எல்லாம் ஒரே போலே இருக்கு."

"நான் பறையல்லியா? பட்டாளம்!"

கைப்பிடிக்குக் கீழே ஒரு திருகு இருப்பதை அவள்தான் கண்டாள். அதை இறுக்கினால் மாவு நைசாகிறது என்பதை அவர் கண்டார். பிறகு இருவருக்கும் அன்றைய சோறு மறந்துபோனது. திருகைத் தளர்த்தி ஒரு பிடி, இறுக்கி ஒரு பிடி. முற்றத்தில் பாய் விரித்து, சிறுசிறு குவியலாக வைத்து, குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"இது புட்டுக்கு. இது அப்பத்துக்கு. இது இடியாப்பத்துக்கு," என்று ஆனந்தபாய் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாள். "யந்திரம் எனக்காக்கும். ஒங்களுக்கு உரல் உண்டு."

"ஓணம் வரை எனக்கு. ஓணம் கழிஞ்சா ஒனக்கு."

அப்படி உடன்படிக்கை ஆனது. டெல்லியிலும் இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது.

பிறகு காப்பிக்கொட்டை. புட்டுமாவு அளவில் பொடித்தபோது வெள்ளம் நிறுத்தமில்லாத பஸ்போல ஒரே ஓட்டமாக மேலே வந்துவிட்டது. வெளுத்து, புளித்து, காடிபோல இருந்தது. அப்படியானால் நைசாகத்தான் வேண்டும் என்று திருகை முழுக்க இறுக்கி, முகத்துக்குப் போடும் பவுடர்போலப் பொடித்தார். கெண்டி பேசாமல் இருந்தது. அடுப்பு எரிந்தது. கெண்டி இன்னும் பேசவில்லை. காதை வைத்துக் கேட்கலாமா என்று ஞானசிகாமணி குனிந்ததுதான் தாமதம், கெண்டியின் பக்கவாட்டில் இருந்த அடைப்பு சீறிக்கொண்டு பிய்ந்து, வெந்நீரும் காப்பியும் கூரைக்குப் போயின. அவர் காது தப்பியது ஆண்டவர் கிருபை. கூரைப் பலகையில் ஒரு பெரிய பழுப்புக் கறை விழுந்தது. விசாரிக்க வந்த ராஜையா அதில் சென்னை ராஜ்யத்தின் படத்தைக் கண்டார். வேலாயுதன் வந்து, "ஐக்கிய கேரளமல்லே இது, பாறசாலையும் இதிலுண்டு!" என்று கம்பால் தொட்டுக் காட்டினார்.

அடைப்பை ஈயத்தால் பற்றவைத்து வாங்கிவந்த பிறகு, திருகை ஒரு நூல் அளவு தளர்த்தினார். இன்னொரு நூல். ஆனந்தபாய் பொடியை விரலில் தேய்த்து, "இடியாப்பத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அப்பத்துக்குக் கொஞ்சம் கொறவு," என்றாள். அன்று கெண்டி முதல்முறையாக முனகியது. மேல்மாடியில் கறுத்த நூல் ஒன்று மெல்ல எழுந்தது. பிறகு அது தேன் நிறமாகியது. பிறகு, ஞானசிகாமணி மூச்சை அடக்கிக்கொண்டார், மேலே நுரை படிந்தது.

குடித்துப் பார்த்தார். கசப்பு இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. அதற்குப் பின்னால் கருப்பட்டி போடாமலே ஒரு கருப்பட்டி. அந்த மலையோரத்துச் சமையலறை, புகை, கிழவரின் கை, எல்லாம் நாக்கில் வந்து நின்றன. நான் போயிருக்கிறேன், என்று அவருக்கே ஒரு ஆறுதல். இவ்வளவு காலம் பிறர் சிரித்துச் சிரித்து அவருக்கே சந்தேகம் வந்திருந்தது.

ஆனால் நுரை கண்ணிமைக்குமுன் உடைந்துபோயிற்று. எறும்பு அல்ல, எறும்பின் நினைப்புகூட அதில் நடக்க முடியாது.

ஏன் என்று தேடினார். காலையில் பொடித்துவைத்த பொடியில் மாலையில் நுரையே இல்லை. பொடித்த கையோடு போட்டால் உண்டு. சந்தைக் கொட்டையில் குறைவு. ஒற்றசேகரமங்கலத்தில் ஆனந்தபாயின் தம்பி தோட்டத்துக் கொட்டையைப் புதிதாக வறுத்தால் கூடுதல். ஒவ்வொன்றாகக் கண்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஓணம் நெருங்கியபோது நுரை ஒரு கீர்த்தனையின் பல்லவியும் அனுபல்லவியும் பாடும்வரை நின்றது. சரணத்துக்கு நிற்கவில்லை.

குறித்த நாளில் கடையடைப்பு. எந்தக் கட்சி அழைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லாக் கட்சியும் ஞானசிகாமணியின் முற்றத்தில்தான் நின்றது. தாசையன் கடையைப் பூட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் தகராறு எறும்பைப் பற்றியது. ராஜையா இலையில் ஒரு எறும்பைப் பொதிந்து கொண்டுவந்திருந்தார்.

"அது பற்றில்ல, சம்மதிக்கில்ல," என்றார் வேலாயுதன். "அது நிங்ஙளெ கட்சி எறும்பு."

"ஒம்ம எறும்பு மட்டும் என்னவாம்? நடுவிலே நின்னு ஜிந்தாபாத்னு முத்ராவாக்கியம் விளிக்குமே!"

"ரெண்டும் வேண்டாம்," என்றார் தாசையன். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். "எனக்கெ கடைச் சர்க்கரை டின்னிலே பிடிச்சது. இதுக்குக் கட்சி கெடயாது."

அடுத்தது சூடு. ஆறுகிற வரை பொறுத்தால் நுரை உடையும். பொறுக்காவிட்டால் எறும்பு வெந்துபோகும். ஆனந்தபாய் காலையிலிருந்து கிணற்று வெள்ளத்தில் ஊறப்போட்டிருந்த கோப்பையை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். அக்கரை விளிம்பில் கொஞ்சம் கருப்பட்டியையும் தேய்த்தாள்.

"சும்மா நடக்குமா அது? போறதுக்கு ஒரு காரியம் வேண்டாமா?"

அவர் கொட்டையைப் பெட்டியில் போட்டுச் சுற்றினார். கறகறவென்ற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. கெண்டி முனகியது. நூல் எழுந்தது. கோப்பையில் ஊற்றினார். நுரை விளிம்பு முட்டப் படுத்துக்கொண்டது.

தாசையன் ஈர்க்கிலால் எறும்பை இக்கரை விளிம்பில் இறக்கினார்.

எறும்பு மீசையை ஆட்டியது. ஒரு காலை வைத்துப் பார்த்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. ஏறிவிட்டது. நுரை குழிந்தது, உடையவில்லை. குழியும் நுரையில் குழிகுழியாகத் தடம் பதித்துக்கொண்டு அது நடந்தது. சரிநடுவில் வந்ததும் நின்றது. இந்தப் பக்கம் மீசையை நீட்டியது. அந்தப் பக்கம் நீட்டியது. ராஜையா தம்மையறியாமல் வேலாயுதனின் தோளைப் பிடித்திருந்தார். ஞானசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் உன்னைக் கண்டதே இல்லை, என்று எறும்பிடம் மனதுக்குள் சொன்னார். நான் சும்மா சொன்னேன். என்னைக் காப்பாத்திரு.

முற்றம் வெடித்ததும் கண்ணைத் திறந்தார். எறும்பு அக்கரையில் கருப்பட்டி தின்றுகொண்டிருந்தது.

அன்று போட்ட கூச்சலில் நெய்யாற்றின்கரையிலிருந்து போலீஸ் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூச்சல் அடங்கியபோது எல்லோரும் தாசையனைப் பார்த்தார்கள். அவர் கோப்பையை எடுத்து, எறும்பை ஊதி விட்டுவிட்டு, ஒரு மிடறு குடித்தார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் ஒருமுறை விரிந்தன. மிச்சத்தையும் குடித்தார்.

"காத்து தள்ளியிருக்கும்," என்றார். "எனக்குக் கண்ணும் அத்தறை போராது, மங்கலாக்கும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடை அவருடையது, சட்டமும் அவருடையது. ஞானசிகாமணி அன்றிலிருந்து கடையில் இத்தாலியை எடுக்கவில்லை. சாயாவைக் குடிப்பார், எழுந்து போவார். யந்திரத்தை ஆனந்தபாய் உடன்படிக்கைப்படி எடுத்துக்கொண்டாள். அந்த வருட ஓணத்துக்கு அவள் சுட்ட அப்பத்தின் மறுபக்கத்தில் பேப்பரை வைத்தால் வாசிக்கலாம், அவ்வளவு மெல்லிசு.

ஐப்பசியில் எல்லை விழுந்தது. களியிக்காவிளையோடு சென்னை ராஜ்யம் நின்றுவிட்டது. பாறசாலை இந்தப் பக்கம், கேரளத்தில். ராஜையாவின் பெஞ்சு பேசவில்லை. ஜெயித்த பெஞ்சுக்கும் சண்டைக்கு ஆளில்லாமல் பேச்சு அற்றுப்போயிற்று. இத்தாலியும் இல்லை. சாயாக்கடையில் பாய்லர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அப்படி ஒருநாள், புது எல்லைக்கு வேலையாகப் போகிற கால்சட்டைக்காரர் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு சாயா குடித்தார். சும்மா இருக்க முடியாத வேலாயுதன் அவரிடம் எறும்புக் கதையை அவிழ்த்தார். விட்டுப்போனதை ராஜையா சேர்த்துக் கொடுத்தார்.

கால்சட்டைக்காரர் சாயா புரையேறச் சிரித்தார். "காப்பி மேலே எறும்பா? அதுவும் இத்தாலிக் கெண்டியா? இந்தப் பக்கத்து ஆட்கள் பொய்யிலேதான் வீடு கட்டுவாங்கன்னு கேட்டிருக்கேன். யாருய்யா அந்தப் புளுகன்?"

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். பாய்லரைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

தாசையன் கெட்டிலை டொக்கென்று கீழே வைத்தார். பாய்லரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவர் அப்படி வெளியே வருவது விடிந்ததா என்று பார்க்க மட்டும்தான்.

"ஓய், ஆரைப் பாத்துப் புளுகன்ணு பறஞ்சீரு? எனக்கெ கடை எறும்பாக்கும் அது. நான்தான் ஈர்க்கிலிலே எறக்கி விட்டேன். காத்தும் இல்லே, மழையும் இல்லே. இக்கரையிலே ஏறிச்சு, நடுவிலே நின்னு ஒண்ணு யோசிச்சுது, அக்கரையிலே எறங்கிச்சு." ஞானசிகாமணியின் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினார். "இந்த மனுசன் இத்தாலிக்குப் போனவனாக்கும். அந்த எறும்பு நடந்தது உள்ளதாக்கும். எனக்கெ ரெண்டு கண்ணாலே நான் கண்டேன் ஓய். ஒரு காலு நனையல்ல."